திரும்பி வந்த மகன்



ஹெரோயினை ஊசிமூலம் ஏற்றுகின்ற ஒருவனின் கையைப் பார்த்திருக்கின்றீர்களா? ஓயாத குத்தல்களால் நாளங்கள் தழும்பேறி அடைபட்டுப் போகின்றன. அசுத்த ஊசியோடு புகும் கிருமிகள் சீழ்க்கட்டிகளை உண்டாக்குகின்றன. குருதியோடு சென்று இருதய வால்வுகளையே அரிக்கின்றன. ஒரே ஊசியைப் பலர் பகிரும்போது எச்.ஐ.வி.யும் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமியும் தொற்றுகின்றன.

பெற்றோரே, இன்னொன்றையும் அறிந்திருங்கள். சில வாரங்கள் ஹெரோயினை நிறுத்திய உடல், முன்னர் தாங்கிய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. சிகிச்சை முடித்தோ சிறையிலிருந்தோ வீடு திரும்பிய மகன், பழைய அளவை ஒருமுறை ஏற்றினாலே மூளையின் சுவாச மையம் மந்தமடைந்து, உறக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம். ஆபத்து நீங்கிவிட்டதென நாம் நிம்மதியடையும் நாட்களே ஆபத்தான நாட்கள். ஊரார் பேச்சுக்கு அஞ்சி அவனைத் தனியறையில் ஒளித்துவைக்காதீர்கள். மூச்சுக் குறைந்து உதடு நீலம் பாரித்தால், வெட்கம் பாராது உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

குருக்களாகிய நாங்களும் இவ்விடயத்தில் தவறியதுண்டு. சீன வைத்தியரான மாற்கு ஜி தியான்சியாங், வயிற்றுநோவுக்காக உட்கொண்ட அபினுக்கு அடிமையானார். (ஹெரோயினின் மூலப்பொருளும் அபினே.) மனந்திரும்பாதவர் எனக் கருதப்பட்டு, ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவருக்குப் பாவமன்னிப்பு மறுக்கப்பட்டது. அப்பழக்கம் இறுதிவரை அவரை விடவில்லை. அவரும் ஆலயத்தை விடவில்லை. 1900இல் விசுவாசத்துக்காகக் குடும்பத்தாரோடு கொல்லப்பட்ட அவரை, திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2000 ஒக்டோபர் 1இல் புனிதராக உயர்த்தினார்.