டென்ஷன் தலைவலி... டக்குனு ஒரு மாத்திரை... உங்க கல்லீரல் என்ன சொல்லுது தெரியுமா?

நாளைக்கு எக்ஸாம், இல்லைன்னா ஆபீஸ்ல டெட்லைன். மதியம் சாப்பிடலை, ராத்திரி தூக்கமில்லை, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கை நேரா போறது பாராசிட்டமால் அட்டைக்குத்தான். சரியான அளவில் போட்டால் இது பாதுகாப்பான மாத்திரைதான். ஆனால், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திடீர் கல்லீரல் செயலிழப்புக்கு முக்கியக் காரணமே, அளவு மீறிய பாராசிட்டமால்தான். இதில் டென்ஷனுக்கும் பங்கு இருக்கா?

கல்லீரலுக்குள் என்ன நடக்குது?

நாம விழுங்கும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் பக்குவமாக மாற்றி, சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் 'நாப்க்வி' என்ற நச்சாக மாறும். அதைப் பிடித்துக் கட்டிப்போட, 'குளுட்டோதயோன்' என்ற காவல்காரன் கல்லீரலில் தயாராக இருக்கிறான். டோஸ் எகிறினால் காவல்காரன் தீர்ந்துபோவான். அப்புறம் அந்த நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும்.

டென்ஷன் எங்கே வருது?

பதற்றத்தில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் ஹார்மோன்களை ரத்தத்தில் கலக்கின்றன. 'சர்க்கரையை வெளியே விடு' என்று கல்லீரலுக்கு உத்தரவு போவதும் இவற்றால்தான். அட்ரினலின் போலச் செயல்படும் மருந்துகளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது, கல்லீரலில் குளுட்டோதயோன் இருப்பு குறைந்தது. கூடவே அதிக டோஸ் பாராசிட்டமாலும் சேர்ந்தபோது பாதிப்பு கூடியது.

அதுக்காக, டென்ஷன் ஆனாலே கல்லீரல் போயிடும்னு பயப்பட வேண்டாம். மனிதர்களில் அப்படி நிரூபிக்கப்படவில்லை. நிஜமான சிக்கல், டென்ஷனோடு கூட்டு சேர்ந்து வருபவைதான். பட்டினி கிடந்தால் குளுட்டோதயோன் குறையும். தொடர்ந்து மது குடித்தால் அதுவும் குறையும், நச்சு உருவாவதும் கூடும். தலைவலி நிற்காததால் மாத்திரை எண்ணிக்கையும் ஏறும். மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்!

என்ன செய்யலாம்?

* ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் உச்சவரம்பு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் வந்துடும். உடல் எடை குறைவானவர்கள், மது குடிப்பவர்கள், கல்லீரல் பிரச்னை உள்ளவர்களுக்கு வரம்பு இதைவிடக் குறைவு. டாக்டரிடம் கேளுங்க.
* சளி, இருமல் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கு. அட்டையின் பின்பக்கத்தைப் படிங்க.
* அளவு மீறிப் போட்டாச்சுன்னா, 'நல்லாத்தானே இருக்கேன்'னு காத்திருக்காதீங்க. முதல் நாள் வாந்தியோட நின்னுடலாம், எதுவுமே தெரியாமலும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. குளுட்டோதயோனை மீட்டுத் தரும் 'அசிட்டைல்சிஸ்டைன்' என்ற மாற்று மருந்து, 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும்.

அடுத்த முறை அட்டையைப் பிரிக்கும் முன்னாடி ரெண்டே கேள்வி: சாப்பிட்டோமா? இன்னைக்கு இது எத்தனாவது மாத்திரை?