சிகரெட் பாக்கெட்டுக்குள் இருந்த பாடம்: பழைய விளம்பர அட்டைகளை ஏன் சேகரிக்கிறார்கள்?

சிகரெட் வாங்கினால் சுரங்கத் தொழில் பற்றிய ஒரு பாடம் இலவசம். கேட்கவே விசித்திரமா இருக்கா? நூறு வருஷத்துக்கு முன்னால் பிரிட்டனில் இது சாதாரண வியாபார உத்தி. அந்த அட்டைகளையும், நிறுவனங்கள் இலவசமாகக் கொடுத்த குட்டிப் புத்தகங்களையும் தேடிச் சேகரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எப்படி ஆரம்பித்தது?

19ஆம் நூற்றாண்டில் சிகரெட் பாக்கெட்டுகள் மெல்லிய காகிதத்தில் வந்தன. உள்ளே இருப்பது நசுங்காமல் இருக்க ஒரு வெற்று அட்டையைச் செருகினார்கள். சும்மா கிடக்கும் அட்டையில் படம் போட்டால் என்ன என்று யோசித்தபோது பிறந்ததுதான் இந்தப் பழக்கம். முன்பக்கம் வண்ணப்படம், பின்பக்கம் சில வரி விளக்கம், ஒரு வரிசை எண். செட் முழுசா சேரும்வரை வாடிக்கையாளர் வேறு பிராண்டுக்குப் போகமாட்டார். அதுதான் கணக்கு.

பிரிட்டனின் வில்ஸ் நிறுவனம் 1916இல் சுரங்கத் தொழில் பற்றியும், 1927இல் பொறியியல் அதிசயங்கள் பற்றியும் தலா 50 அட்டைகள் வெளியிட்டது. 1940 வாக்கில், போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் அங்கே சிகரெட் அட்டைகள் நின்றுபோயின. பிறகு அந்த இடத்தைத் தேயிலை பாக்கெட்டுகள் பிடித்தன. 1975இல் ப்ரூக் பாண்ட் 'கண்டுபிடிப்பாளர்களும் கண்டுபிடிப்புகளும்' என்று ஒரு செட் போட்டது.

யார் சேகரித்தார்கள்?

அமெரிக்காவின் ஜெஃபர்சன் பர்டிக், மின்சாதன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் துண்டுகளையும் சேர்த்து, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பிரிட்டனின் எட்வர்ட் வார்ட்டன் டைகர் ஒரு சுரங்க நிறுவன நிர்வாகி. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அவருடைய அட்டைகள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

லட்சக்கணக்கில் பணம் வருமா?

பெரும்பாலும் வராது. பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் சிகரெட் அட்டை ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விற்றது உண்மைதான். அது அபூர்வமான அட்டை. தொழில் பற்றிய அட்டைகள் ஏராளமாக அச்சானவை. அதனால பல செட்டுகள் இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. இவற்றின் மதிப்பு வேற இடத்துல இருக்கு.

அட்டைக்குப் பின்னால் யார்?

வேல்ஸில் உள்ள செங்கெனித் நிலக்கரிச் சுரங்கத்தில் 1913 அக்டோபரில் நடந்த வெடிவிபத்தில் 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். வில்ஸின் சுரங்க செட் வந்தது அடுத்த மூன்றே ஆண்டுகளில். அட்டையையும் அந்த விபத்து பற்றிய பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் காலம் முழுசா தெரியும்.

இன்னொரு உதாரணம்: 1948இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அணுவை எளிமையாக விளக்கும் ஒரு காமிக்ஸ் புத்தகம் வெளியிட்டது. அதே நேரத்தில், அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரித்த ஹான்ஃபோர்ட் ஆலையை அமெரிக்க அரசுக்காக நடத்திக்கொண்டிருந்ததும் அதே நிறுவனம்தான். இதனால் புத்தகத்தில் இருக்கும் அறிவியல் பொய்யாகிவிடாது. ஆனால், பாடம் நடத்துபவர் யார் என்று தெரிந்தபின் நாம் படிக்கும் விதம் மாறிவிடும்.

ஒரு தொழில் எப்படி நடந்தது, அது தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்ற இரண்டுக்கும் இந்த அட்டைகள் சாட்சி. பாடப்புத்தகத்தில் இது கிடைக்காது.

ஆரம்பிக்க நினைக்கிறீர்களா?

* பணம் போடும் முன் பார்த்துப் பழகுங்க. நியூயார்க் பொது நூலகம் பழைய சிகரெட் அட்டைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. போனிலேயே பார்க்கலாம்.
* ஒரே தொழிலைத் தேர்ந்தெடுங்க. ரயில், நிலக்கரி, மின்சாரம் என எதுவானாலும் சரி.
* மறுபதிப்புகள் நிறைய இருக்கு. அசலா என்று விற்பவரிடம் கேட்டு உறுதி செய்யுங்க.
* பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீங்க. ஆல்பத்தில் ஒட்டிய அட்டைக்கு மதிப்பு குறைவு, விளக்கத்தையும் படிக்க முடியாது.
* பிவிசி உறைகள் நாளடைவில் அட்டையைக் கெடுக்கும். அமிலமில்லாத உறையே பாதுகாப்பு.

இன்று நம் போனுக்கு வரும் 'ஸ்பான்சர்டு' வீடியோக்களும் இந்த அட்டைகளின் வாரிசுகள்தான். அட்டையைத் திருப்பி, அச்சிட்டது யார் என்று பார்க்கும் பழக்கம் அங்கேயும் கைகொடுக்கும்.