வட்டக்களரியும் படச்சட்ட மேடையும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கும் நிலப்பரப்பைப் படுவான்கரை என்பர். உன்னிச்சைக் குளத்து நீரால் விளையும் வயல்கள் அங்கே உள. பெரும்போக அறுவடை முடிந்ததும் அப்பக்கத்து ஊர்களில் மத்தள ஒலி எழும். அது கூத்துப் பழகும் ஒலி. வடமோடியாயின் போரில் முடியும் பாரத, இராமாயணக் கதைகள் பெரும்பான்மை. தென்மோடியாயின் மணவினையில் நிறைவுறும் கதைகள் பெரும்பான்மை. இவ்வளவும் நம் மாணவர் மனனஞ்செய்து ஒப்பிப்பர். அக்கூத்துகள் எத்தகைய நிலத்தில் ஆடப்படுவன என்று வினவுவார் சிலரே. அவ்வினாவே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

கூத்தின் களரி வட்டமானது. மண்ணைச் சற்றே உயர்த்தி அமைப்பர். நடுவே அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார். சல்லரி போடுவாரும், ஏட்டைப் பார்த்து அடியெடுத்துக் கொடுப்பாரும் அருகே நிற்பர். சுற்றிலும் ஊர். கரப்புடுப்பும் முடியும் தரித்து வரும் அரசன் எத்திசைக்கும் முகங்காட்டியே ஆடுதல் வேண்டும். அவனுக்கு முதுகுப்புறம் என ஒன்றில்லை. வீசாணம், எட்டு, நாலடி, குத்துமிதி என்னும் ஆட்டக் கோலங்கள் யாவும் இவ்வட்டத்துக்கென்றே அமைந்தவை. சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனப் பல மாதம் நீளும் முயற்சி அது. அரங்கேற்றத்தோடும் அது முடிவதில்லை. வீட்டுக்கு வீடு சென்று ஆடுதல் எஞ்சியிருக்கும்.

இக்கூத்தைக் கற்றோர் அவைக்குக் கொணர்ந்த பெருமை பேராசிரியர் சு. வித்தியானந்தனைச் சாரும். எதிரிவீர சரச்சந்திர 1956இல் ‘மனமே’ நாடகத்தைச் சிங்கள நாடகம என்னும் பழைய வடிவிலிருந்து ஆக்கி அளித்தார். அந்நாடகமவோ தமிழ்க் கூத்தின் வழித்தோன்றல். நம் பொருள் பிறர் மனையில் விளக்காய் எரியக் கண்டபின்னரே நாம் நம் வீட்டைத் திரும்பிப் பார்த்தோம் என்றால் அது மிகையன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ நாடகத்தையும், பின்னர் ‘இராவணேசன்’ முதலியவற்றையும் தயாரித்தார். விடியவிடிய நிகழ்ந்தது ஓரிரு மணி நேரத்துக்குள் அடங்கிற்று. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்த பேராசிரியரானார். கூத்தாடுவோரை இழிவாக நோக்கிய கண்கள் அன்று தாழ்ந்தன. இதனை நாம் மறத்தலாகாது.

ஆயினும் அப்பேற்றோடு ஓர் இழப்பும் வந்தது. வட்டம் போயிற்று. மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த படச்சட்ட மேடைக்குள் கூத்துப் புகுந்தது. அண்ணாவியார் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்கினார். இதுபற்றி உன்னிச்சைப் பக்கத்து முதிய அண்ணாவியார் ஒருவரிடம் வினவினேன். அவர் சிரித்துவிட்டு, “மூணு பக்கத்தையும் அடைச்சுப்போட்டு ஆடச்சொன்னா, காலுக்கு வழி தெரியாது ஐயா. எட்டுப் போடுற பொடியன் பாதியில நிண்டுபோவான்” என்றார். நாடகவியல் நூல்கள் பல பக்கங்களில் விரிப்பதை அவர் இரண்டு வாக்கியத்திற் சொல்லிவிட்டார்.

வங்கத்தார் கதை இதற்கு மறுதலையாய் இருத்தல் நோக்கத்தக்கது. அவர்களுடைய ஜாத்திராவும் திறந்த வெளியில், மக்கள் சூழ்ந்திருக்க நிகழ்வது. லெபெதேவ் என்னும் உருசியர் 1795இல் கல்கத்தாவில் ஐரோப்பிய முறை மேடையில் வங்க நாடகம் ஒன்றை அரங்கேற்றினார். பின்வந்த நூற்றாண்டில் கிரீஷ் சந்திர கோஷ் முதலியோர் அம்மேடையைத் தமதாக்கிக் கொண்டனர். பஞ்சத்தைப் பாடிய ‘நபான்ன’ 1944இலும், தாகூரின் ‘ரக்தகரபி’யைச் சம்பு மித்ராவின் பஹுரூபி குழு ஆடியது 1954இலும் நிகழ்ந்தன. அம்மேடை அடையத்தக்க உயரம் அவற்றிற் கிட்டியது எனலாம். அதன்பின் நிகழ்ந்ததே வியப்பு. உத்பல் தத் 1960களின் பிற்பகுதியில் ஜாத்திராவை நாடிச் சென்றார். ‘ஏவம் இந்திரஜித்’ எழுதிப் புகழ்பெற்ற பாதல் சர்க்கார் 1970களில் மேடையையே துறந்தார். திரை, ஒளி, நுழைவுச்சீட்டு விலை ஆகியவற்றின் சுமையை நீக்கி, கூடத்திலும் மைதானத்திலும் மக்களிடையே நின்று ஆடுவதை மூன்றாம் அரங்கு என்றார். 1980இல் சென்னைக்கு அணித்தான சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறையில் தமிழ் நாடகக்காரர் பயின்றனர்.

கல்கத்தா நகரத்தார் மேடையை விட்டு நிலத்துக்கு இறங்கத் தலைப்பட்ட காலத்தில், நாம் நிலத்திலிருந்த கூத்தை மேடையேற்றி மகிழ்ந்துகொண்டிருந்தோம்! சர்க்கார் அரிதின் முயன்று தேடிய வட்டம் படுவான்கரைக் குடியானவனுக்குப் பாட்டன் வைத்துச் சென்ற முதுசொம். இதனை உணர்ந்தோர் ஈழத்திலும் இல்லாமலில்லை. சி. ஜெயசங்கரும் சீலாமுனைக் கிராமத்தவரும் கூத்து மீளுருவாக்கம் என்னும் பெயரில், ஊரவரோடு கூடியிருந்து பழைய ஏட்டின் கருத்தையே விவாதித்துத் திருத்திக் களரியில் ஆடினர். களரி பழையது; அதில் எழும் வினா புதியது. இவ்வழியே எனக்கு உடன்பாடு.

பள்ளிக்கூடத்தார்க்கு ஒரு சொல். போட்டிக்காகச் சில நிமிடத்துக்குள் கூத்தைச் சுருக்குகின்றோம். நடுவர் இருக்கும் திசையையே நோக்கி ஆடப் பிள்ளைகளைப் பழக்குகின்றோம். சுருக்குதல் தவிர்க்க இயலாததாயிருக்கலாம். ஒருதிசை ஆட்டம் அத்தகையதன்று. பள்ளி முற்றத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டமிட்டு, நடுவர் நாற்காலிகளை அதனைச் சுற்றிப் பரப்பிவைக்கப் பணச்செலவு ஏதும் உண்டோ? அண்ணாவியாரை நடுவில் நிறுத்துக. பெண்பிள்ளைகளும் இக்காலத்திற் சதங்கை கட்டுகின்றனர். அவர்களுக்கும் அவ்வட்டத்திலேயே முதலடி பழக்குக. பெரும்போக அறுவடைக்குப்பின் வரும் பள்ளித் தவணையிலேயே இதனைத் தொடங்கலாம்.