தொண்டுக்கு வேலை நேரத்தில் இடமுண்டா?

நிறுவனமொன்றின் ஆண்டு நிறைவு விழா நெருங்கும்போது இரத்ததான முகாம், சிரமதானம், பாடசாலை மாணவருக்கு அப்பியாசக் கொப்பிகள் வழங்கல் என்பன நடைபெறுவது எமது நாட்டில் வழமையாகிவிட்டது. அவற்றின் புகைப்படங்கள் பத்திரிகைக் காரியாலயங்களுக்குத் தவறாது வந்து சேர்கின்றன. நாமும் பிரசுரித்தே வருகின்றோம். இவற்றால் பயனில்லை என்று கூறுவதற்கில்லை. ஆயினும், விழா முடிந்த மறுநாள் முதல் அடுத்த ஆண்டு வரை ஊழியர்களுக்கும் சமூக சேவைக்கும் தொடர்பேதும் இல்லாதிருப்பதே பல இடங்களில் காணப்படும் குறையாகும்.

இரத்ததானத்தையே எடுத்துக்கொள்வோம். செங்குருதிக் கலங்களை ஏறத்தாழ 6 வாரங்கள் வரையே சேமித்து வைக்க முடியும். குருதிச் சிறுதட்டுக்களுக்கோ ஆயுள் சில நாட்களே. தலசீமியா நோயுடன் வாழும் சிறுவர்களுக்கு 2 முதல் 4 வாரங்களுக்கொரு முறை இரத்தம் ஏற்றப்பட வேண்டும். அவ்வாறாயின், ஆண்டில் ஒரே நாளில் 200 பேர் வரிசையில் நின்று வழங்கிய இரத்தம், 4 மாதங்களின் பின்னர் வைத்தியசாலைக்கு வரும் சிறுவனுக்கு எவ்வாறு உதவும்? அதே 200 பேர் சிறு குழுக்களாகப் பிரிந்து, இரத்த வங்கியின் தேவையைக் கேட்டறிந்து மாதந்தோறும் சென்றால் நிலைமை வேறு. நோன்பு காலத்தில் முஸ்லிம் ஊழியர்கள் பகல் வேளையில் இரத்தம் வழங்குவது குறைவு. அம்மாதத்திற்கு ஏனையோர் முன்கூட்டியே பெயர் கொடுக்கலாம். இதற்குப் பெருந்தொகைப் பணம் அவசியமில்லை. நேரமே அவசியம்.

சிக்கலும் அங்குதான் உள்ளது. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் ஓராண்டில் 14 நாட்கள் வருடாந்த விடுமுறையும் 7 நாட்கள் அமைய விடுமுறையும் உண்டு. தொண்டுக்குச் செல்ல விரும்புபவர், பிள்ளையின் காய்ச்சலுக்கென ஒதுக்கி வைத்த நாளையே அதற்கு இழக்க வேண்டியுள்ளது. இல்லையேல் ஞாயிற்றுக்கிழமையை இழக்க வேண்டும். ஞாயிறன்று சிரமதானத்துக்கு வராதவரின் பெயரைக் குறித்துக்கொள்ளும் மேலதிகாரிகளும் இல்லாமலில்லை. அதனைத் தொண்டு என்று அழைக்க எமக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கப் பாதணி நிறுவனமான டிம்பர்லாண்ட், 1989 இல் பொஸ்டன் நகரின் இளைஞர் தொண்டு அமைப்பொன்றுக்கு 50 சோடிப் பாதணிகளை வழங்கியது. பின்னர் அவ்வமைப்பினர் நிறுவன அதிகாரிகளையும் தம்முடன் வேலை செய்ய அழைத்தனர். அவர்களும் சென்றனர். 1992 இல் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டில் 16 மணித்தியாலங்கள் சம்பளத்துடன் தொண்டுக்கென ஒதுக்கப்பட்டன; சில ஆண்டுகளில் அது 40 மணித்தியாலங்களாயிற்று. பாதணிகளை வழங்கியதோடு நின்றிருந்தால் அது எத்தனையோ நன்கொடைகளில் ஒன்றாகவே முடிந்திருக்கும்.

எமது நிறுவனங்கள் 40 மணித்தியாலங்களை உடனே வழங்க வேண்டுமென நாம் கோரவில்லை. ஆண்டில் 2 நாட்களுடன் தொடங்கலாம். முதலில் செல்பவர் முகாமையாளராக இருத்தல் நன்று. எங்கு செல்வதென்பதை விளம்பரப் பிரிவு அன்றி, உதவி பெறுவோரே தீர்மானிக்க வேண்டும். தமக்கு விளங்காத மொழியில் அமைந்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எவரிடம் கேட்பதெனத் தெரியாது அரச அலுவலக வாயில்களில் நிற்கும் தமிழ் பேசும் முதியவர்களை நாம் காண்கின்றோம். மும்மொழியும் அறிந்த வங்கி உத்தியோகத்தர் ஒருவர் வாரத்தில் ஒரு முற்பகல் அங்கு அமர்ந்திருக்க அவரது கிளை அனுமதிக்குமா?