பூ ஜடையும் கண்ணாடியும்: குடும்பப் படம் யாருக்காக?

படம் எடுப்பது யாருக்காக? எடுத்துக்கொள்பவருக்காகவா? பின்னாளில் பார்க்கப் போகிறவருக்காகவா? இந்தக் கேள்வியைக் கேட்கப் பினாங்கு, ஜார்ஜ்டவுனிலுள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை பொருத்தமான இடம்.

முன்பு பிட் ஸ்திரீட் என்று அழைக்கப்பட்ட சாலை இது. தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801இல் நிறுவிய பள்ளிவாசல் இங்கே நிற்கிறது. சீனர்களின் கருணை தேவி ஆலயமும் இதே சாலையில்தான். அடுத்த தெருவான குயின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம். 2008இல் ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமானது. அதன் பின் இந்தப் பழைய தெருக்களைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொள்ள மணமக்களும் குடும்பங்களும் வருவது பெருகியது. நிறைமாதத்தை நெருங்கும் பெண்களும் கணவரோடு வருகிறார்கள்.

சென்னையிலிருந்து வந்த இருவர்

பினாங்குக்கும் படக்கலைக்கும் உள்ள தொடர்பு பழையது. ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துப் படக்கலைஞர் 1862இல் இப்பகுதிக்கு வந்தார். பினாங்கிலும் செபராங் பிறையிலும் பத்து மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். மனிதக் கை படாமல் உருவம் பதிவதைக் கண்டு சீனர்கள் உதவிக்கு வர மறுத்ததால், சென்னையிலிருந்து வந்த இருவரைப் பழக்கி, படங்களை அச்சிடவும் உதவிக்கும் வைத்துக்கொண்டதாக 1875இல் வெளிவந்த தம் பயண நூலில் அவர் எழுதியுள்ளார்.

அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்தாக வேண்டும். பல விநாடிகள் அசையக் கூடாது. பழைய படங்களில் தாத்தா பாட்டிகள் சிரிக்காமல் விறைப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிழைப்புக்காகக் கடல் கடந்த தமிழர் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர்கள். கப்பலில் போன ஒரு படம்தான் பிள்ளைக்கு அப்பாவின் முகம். ஊரிலிருந்து வந்த ஒரு படம்தான் அப்பாவுக்குப் பிள்ளையின் முகம். குடும்பப் படம் அன்று ஆடம்பரப் பொருளாக இருக்கவில்லை. அதுவே உறவின் சாட்சி.

கண்ணாடி காட்டிய முதுகு

1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் ‘வேனிட்டி ஃபேர்’ இதழின் அட்டையில் கர்ப்பிணியான நடிகை டெமி மூரின் படம் வந்தது. ஆனி லீபோவிட்ஸ் எடுத்த அந்தப் படம் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. தாய்மைப் படம் என்பதே அங்கிருந்து வந்தது என்று நம் பிள்ளைகள் நினைக்கக்கூடும்.

உண்மை என்ன? அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் வளைகாப்பு, சீமந்தப் பெண்கள் பட்டுப்புடவையுடன் நின்றார்கள். பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி இருக்கும். முகமும் தெரிய வேண்டும், மல்லிகை வைத்துத் தைத்த பூ ஜடையும் தெரிய வேண்டும். ஒரே படத்தில் இரண்டும்! கேமராவும் விளக்கும் கண்ணாடியில் விழாதபடி கோணம் பார்த்து நிறுத்துவதில்தான் படக்காரரின் திறமை இருந்தது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் இத்தகைய பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களைத் தேடிக் கணினியில் பதிவு செய்தது. அதற்கு அவசரமும் இருந்தது. ஈரமும் பூஞ்சையும் அவற்றை வேகமாக அழித்து வந்தன.

‘வயிற்றுப் பிள்ளைக்காரியைப் படம் எடுத்தால் கண் பட்டுவிடும்’ என்று தயங்கும் வீடுகள் இன்றும் உண்டு. அந்தத் தயக்கத்தைக் கேலி செய்யத் தேவையில்லை. ஆனால் பிரசவமே கண்டமாக இருந்த காலத்தில், சில பிள்ளைகளுக்குத் தாயைக் காட்ட எஞ்சியது அந்த வளைகாப்புப் படம் ஒன்றுதான். இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாயின் வசதியே முதலில்

ஜார்ஜ்டவுன் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. நண்பகல் வெயில் நேராகத் தலையில் இறங்கும். கண்களுக்குக் கீழே கரிய நிழல் விழும். காலை ஒன்பது மணிக்கு முன்பு அல்லது மாலை ஐந்து மணிக்குப் பின்பு எடுப்பது நல்லது. வெயில் ஏறிவிட்டால் கடைவீடுகளின் அஞ்சடி இருக்கிறது. அதன் நிழலில் வெளிப்பக்கம் முகத்தைத் திருப்பி நின்றால் மென்மையான ஒளி கிடைக்கும்.

ஏழு, எட்டாம் மாதத்தில் எடுப்பது பெரும்பாலோருக்கு வசதி. வயிறும் அழகாகத் தெரியும், நடமாட்டமும் எளிது. நாற்காலியும் தண்ணீரும் கையோடு இருக்க வேண்டும். நீண்ட நேரம் நிற்க வைக்கக் கூடாது. மல்லாந்து படுக்க வைத்தும் எடுக்கக் கூடாது. கருப்பையின் பாரம் பெரிய இரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரலாம். அழகுக்காகச் சுவரிலோ படியிலோ ஏறச் சொல்வது பெரிய தவறு. வழிபாட்டு இடங்களில் அனுமதி கேட்டு, தொழுகை நேரத்தைத் தவிர்த்து, அடக்கமான உடையில் நிற்பது மரியாதை.

படத்தைப் பிறருக்கு அனுப்பலாமா என்பதை யார் முடிவு செய்வது? படத்தில் இருக்கும் தாய்தான். அவர் சம்மதிக்காமல் அது வெளியே போகக் கூடாது.

கைப்பேசியிலேயே நின்றுவிடலாமா?

இன்று ஒரே நாளில் நூறு படம் எடுக்கிறோம். கைப்பேசி தொலைந்தால் நூறும் போய்விடும். அன்று கப்பலில் வந்த ஒரே படம் மூன்று தலைமுறையாக வீட்டில் இருக்கிறது. ஏன்? அது காகிதத்தில் இருந்தது.

ஆண்டுக்கு ஒரு படமாவது அச்சிட வேண்டும். பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், தேதி எழுத வேண்டும். பேனா அழுத்தினால் முன்புறம் தழும்பு விழும். பசை ஒட்டிய ஆல்பத்தில் வைத்தால் நாளடைவில் படம் மஞ்சளாகும்.

இன்னொன்று. பல வீடுகளில் எல்லாரையும் படம் எடுப்பது அம்மாதான். அதனால் எந்தப் படத்திலும் அம்மா இல்லை! அடுத்த முறை குடும்பம் ஒன்று கூடும்போது, அவர் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டு அவரை நடுவில் உட்கார வையுங்கள். பிறக்கப் போகும் பேரப்பிள்ளை ஒருநாள் தேடப் போவது அந்த முகத்தைத்தான்.