பருவத்தின் நெய்யும் பருவின் தோற்றமும்

காய்ச்சலென்றாலும் வயிற்றுவலியென்றாலும், மண்டூரிலிருந்து பாதைப் படகிலேறி வாவியைக் கடந்து, குருமண்வெளித் துறையில் இறங்கிக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையை நாடத் தயங்காத நம்மவர், முகத்திலே பரு கண்ட பிள்ளையை மட்டும் அங்கு அழைத்துச் செல்ல நினைப்பதேயில்லை. "சூடு கூடினதாலதான் வந்திருக்கு மகள், செவ்விளநீர் குடி" என்று அம்மம்மா சொல்வதும், தேசிக்காய்ச் சாற்றைத் தேய்ப்பதும், பற்பசையை அப்புவதும் அன்பினாலே நிகழ்பவைதாம். ஆயினும் பருவின் காரணம் உடற்சூட்டிலோ அழுக்கிலோ இல்லை.

வடை சுற்றிய கடதாசியிலே எண்ணெய் ஊறி அவ்விடம் மங்கலாய் ஒளி ஊடுருவ நிற்குமல்லவா? கச்சான் காற்று வீசும் நாளின் பிற்பகலில் பதினைந்து வயதுப் பிள்ளையின் நெற்றியில் மெல்லிய தாளொன்றை ஒற்றியெடுத்தால் அதே அடையாளத்தைக் காணலாம். அது நெய்ச்சுரப்பிகள் ஈன்ற சீபம் என்னும் நெய். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அறவே இல்லாத இச்சுரப்பிகள், முகத்திலோ ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 400 முதல் 900 வரை செறிந்து கிடக்கின்றன. பிறந்த சில வாரங்களில் பச்சைக் குழந்தையின் கன்னத்தில் சில வேளை அரும்பும் பருக்களுக்கும் இச்சுரப்பிகளே நிலைக்களம். பின்னர் பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கும் அவை, யௌவனம் நெருங்குகையில், ஆண், பெண் இருபாலாரின் சரீரத்திலும் விருத்தியாகும் அண்ட்ரஜன் என்னும் ஹோர்மோன்களின் ஏவலால் விழித்துப் பருக்கின்றன. இரத்தத்தில் வரும் தெஸ்தெஸ்தரோன் என்னும் அண்ட்ரஜனைச் சருமமே தன்னிடமுள்ள நொதியத்தால் இன்னும் வீரியமுள்ள வடிவமாக மாற்றிக்கொள்வதால், இரத்தத்தில் ஹோர்மோன் அளவு சாதாரணமாயிருப்பவர்க்கும் பரு வரக்கூடும். 1941ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, பருவமடையுமுன்னரே விதைகளை இழந்த ஆண்களுக்குப் பரு வராததையும், அவர்களுக்குத் தெஸ்தெஸ்தரோன் செலுத்தியபோது பரு தோன்றியதையும் எடுத்துக்காட்டி, இத்தொடர்பை ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்டினார்.

நெய் மிகுவதால் மட்டும் பரு உண்டாகிவிடாது. மயிர்க்குழியின் வாயில் உதிர வேண்டிய தோற்கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாகி, உள்ளே நெய் தேங்க, ஒட்சிசன் குன்றிய அவ்விடத்திலே இயல்பாகவே வாழும் ஒருவகைப் பற்றீரியா பெருகி, உடல் அதனை எதிர்க்கும்போது சிவந்து வீங்கிச் சீழ்கொள்வதே பரு. கரும்புள்ளியின் கருமைகூட அழுக்கன்று. காற்றுப்பட்டு நிறம் மாறிய மெலனினும் நெய்யுமே அது. ஆகவே சோப்பினால் முகத்தை உரஞ்சி உரஞ்சிக் கழுவுவது புண்ணைக் கிளறுவதாகும்; மென்மையாக நாளுக்கு இருமுறை கழுவினாற் போதும்.

பூச்சு மருந்துகள் ஒவ்வொன்றும் இத்தொடரின் ஒவ்வொரு கண்ணியைத் தாக்குகின்றன. விற்றமின் ஏயின் வழிவந்த ட்ரெட்டினொயினும், அதனைப்போற் செயற்படும் அடப்பலீனும் அடைப்பைத் திறப்பன. பட்டாணியளவு எடுத்து இரவிலே, பருவின்மேல் மட்டுமன்றிப் பரு வரும் பகுதி முழுவதிலும் மெல்லப் பரப்ப வேண்டியவை. தொடக்கத்தில் தோல் வறண்டு உரியும். கர்ப்பிணிகள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். பென்சொயில் பெரொக்சைட் ஒட்சிசனை வெளியிட்டுப் பற்றீரியாவைக் கொல்வது. தலையணை உறையில் பட்டால் சாயம் வெளுத்துவிடும். ஹோர்மோனின் செயலைத் தோலிலேயே தடுக்கும் கிளாஸ்கோட்டெரோன் என்னும் பூச்சு 2020இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

என் நெஞ்சை வருத்துவது வேறொன்று. நம்மவரின் மாநிறத் தோலில் பரு ஆறியபின் கருந்தழும்பு பல மாதங்கள் நிற்பதால், அதைப் போக்கும் ஆசையில் பிள்ளைகள் வாங்கிப் பூசுகிற, உள்ளடக்கம் எழுதப்படாத வெண்மைக் கிறீம்களுட் சிலவற்றில் வலிய ஸ்டீரொயிட்டோ பாதரசமோ கலந்திருப்பதுண்டு. ஸ்டீரொயிட் சில நாட்களிலேயே சிவப்பை அடக்கி முகத்தை மினுக்கிக் காட்டும். வாரங்கள் செல்ல, தோல் மெலிந்து, நரம்பு போன்ற செங்கோடுகள் தெரிந்து, நிறுத்தியவுடன் முன்னிலும் கொடிய பருக்கள் கிளம்பும். இக்கேடு மிகவே, இந்திய அரசு 2018இல் பதினான்கு ஸ்டீரொயிட் பூச்சுகளை வைத்தியரின் சீட்டின்றி விற்கலாகாதென விதித்தது. விரைவில் மினுக்கும் பூச்சை நம்பும் பிள்ளை, மெதுவாக வேலை செய்யும் நல்மருந்தைப் பத்தாம் நாளே எறிந்துவிடுகிறது.

பெற்றோரே, பரு கண்ட பிள்ளையைப் பரிகசிக்க விடாது வைத்தியரிடம் காட்டுங்கள். பெண் பிள்ளைக்கு மாதவிடாய் தவறி, முகத்தில் மயிரும் மிகுமாயின் அதையும் மறைக்காமற் சொல்லுங்கள். அவர் தரும் பூச்சுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு வாரங்கள் வேண்டும். தைப்பொங்கலன்று தொடங்கினால், சித்திரைப் புத்தாண்டு வரை பொறுத்துப் பூசியபின் கண்ணாடியைப் பாருங்கள்.