கைப்பிடிச் சுவரும் கட்டட அனுமதியும்

பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கச் சென்ற பிள்ளைகள் சிறுகச் சிறுகச் சேர்த்து அனுப்பும் பணம் கைக்கு வந்ததும், தருமபுரி மாவட்டத்துக் குடும்பங்களில் பெரியவர்களின் கண் முதலில் வீட்டின் கூரைமேல்தான் செல்கிறது. பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போடலாமா? இருக்கும் தளத்தின்மேல் ஒரு மாடி எழுப்பலாமா? மருமகள் வருமுன் ஓர் அறையாவது கூடுதலாக வேண்டும் என்பது நியாயமான ஆசையே. மேஸ்திரியை அழைத்துப் பேசுகிறோம். கம்பிக்கும் சிமெண்டுக்கும் கணக்குப் போடுகிறோம். வேலை முடிந்ததும் பங்குத்தந்தையை அழைத்து வீட்டை மந்திரிக்கவும் செய்கிறோம். ஆனால் ஊராட்சி அலுவலகத்தின் பக்கம் மட்டும் போக மறந்துவிடுகிறோம். “நம் இடம், நம் வீடு, இதில் யாரிடம் அனுமதி கேட்பது?” என்பதே நம் வாதம்.

இந்த வாதத்திற்கு விவிலியம் நெடுங்காலத்திற்கு முன்பே விடை கூறியிருக்கிறது. இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். இல்லையேல், யாராவது விழுந்து இறந்தால் அந்த இரத்தப் பழி அவ்வீட்டைச் சேரும் என்று அங்கே கட்டளையிடப்பட்டுள்ளது. வீடு நம்முடையதுதான், ஆனால் அதில் ஏறி நிற்கும் உயிர் இறைவனுடையது. கட்டட விதிகள் எல்லாவற்றின் உட்கருத்தும் இதுவே.

எதற்கு அனுமதி வேண்டும்?

எல்லாப் பழுதுவேலைக்கும் அனுமதி தேவையில்லை. வெள்ளையடித்தல், வர்ணம் பூசுதல், உதிர்ந்த பூச்சைச் சீர்செய்தல், தரையை மாற்றுதல் போன்றவற்றை நாமே செய்துகொள்ளலாம். ஆனால் புதிதாக மாடி எழுப்புவதற்கும், வீட்டின் பரப்பை விரிப்பதற்கும், குடியிருப்பைக் கடையாகவோ பள்ளியாகவோ மாற்றுவதற்கும் முன் அனுமதி கட்டாயம். சிற்றூரில் ஊராட்சியையும், பாலக்கோடு, பென்னாகரம் போன்ற ஊர்களில் பேரூராட்சியையும், தருமபுரி நகரில் நகராட்சியையும் அணுகவேண்டும். பெரிய கட்டடங்கள் நகர் ஊரமைப்புத் துறையின் பார்வைக்குச் செல்லும். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இவற்றுக்கெல்லாம் அடிப்படை. அனுமதியின்றிக் கட்டினால், 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி கட்டடத்தைப் பூட்டி முத்திரையிடவும், இடிக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. பிள்ளையின் பல ஆண்டு வியர்வையை இந்த ஆபத்தில் வைப்பது அறிவுடைமை ஆகுமா?

அடித்தளம் அறியாத மாடி

இடிக்கப்படுவதைவிடக் கொடியது தானே இடிந்து விழுவது. ஒரு தளத்தைத் தாங்குவதற்கென்று போட்ட அடித்தளம் இரண்டு தளங்களைத் தாங்கும் என்று யார் சொன்னார்கள்? மண்சாந்து வைத்துக் கட்டிய பழைய கருங்கல் சுவரின்மேல் கான்கிரீட் தளத்தின் பாரத்தை ஏற்றலாமா? மேஸ்திரியின் அனுபவம் மதிக்கத்தக்கதே. ஆயினும் மண்ணின் வலிமையையும் சுவரின் தாங்குதிறனையும் கணக்கிடுவது பொறியாளரின் வேலை. வரைபடம் கேட்கும் விதி, அக்கணக்கைப் போடும்படி நம்மைக் கட்டாயப்படுத்துகிறது.

கணக்கின்றி ஏற்றிய மாடி என்ன செய்யும் என்பதை 2013 ஏப்ரல் 24ஆம் நாள் வங்காளதேசத்தின் சவார் நகரில் உலகம் கண்டது. ராணா பிளாசா என்னும் அக்கட்டடத்தின் மேல்மாடிகள் அனுமதியின்றிச் சேர்க்கப்பட்டவை. முதல் நாளே சுவர்களில் விரிசல் தோன்றியது. மறுநாள் தையல் தொழிலாளர்கள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அனுமதிச் சீட்டு மட்டும் போதுமா? போதாது. 2014 ஜூன் 28ஆம் நாள் சென்னைக்கு அருகே மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். அதற்குத் திட்ட அனுமதி இருந்தது. ஆகவே சீட்டைப் பெறுவதோடு கடமை தீர்ந்துவிடாது. சீட்டில் கண்டபடி நேர்மையாகக் கட்டவும் வேண்டும்.

அயலாரும் நம் பொறுப்பே

சுற்றிலும் விடவேண்டிய இடத்தை விதிகள் வரையறுத்திருப்பது நம்மை வருத்துவதற்கன்று. அடுத்த வீட்டாருக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைப்பதற்காகவே. நம் கூரைநீர் அவர்கள் சுவரில் விழுந்து சண்டையாகி, ஒரே திருப்பலியில் பங்கேற்றும் முகம் கொடுத்துப் பேசாத குடும்பங்கள் நம் பங்குகளில் இல்லையா? மழைநீர் சேகரிப்பும் தமிழகத்தில் 2003 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்த நம் மாவட்டத்திற்கு அது விதி மட்டுமன்று, வரமும் ஆகும்.

திருச்சபையும் இம்முறைக்கு விலக்கன்று. மறைமாவட்ட ஆயரின் எழுத்துமூலமான இசைவின்றி எந்த ஆலயமும் கட்டப்படலாகாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1215ஆம் சட்டம். கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் வல்லுநரின் ஆலோசனை வேண்டும் என்கிறது அடுத்த சட்டம். இறைவனின் இல்லத்திற்கே இம்முறை என்றால், நம் இல்லத்திற்கு வேண்டாமா?

மனச்சான்றின் கையெழுத்து

முன்பு அனுமதி கேட்டால் அலைச்சல் என்று அஞ்சினோம். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றுத் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர், விதிப்படியே கட்டுகிறோம் என்று தாங்களே சான்றளித்து, இணையவழியில் உடனே அனுமதி பெறலாம். இதனால் அலைச்சல் குறைந்தது; பொறுப்போ மிகுந்தது. அதிகாரி வந்து அளந்து பார்க்குமுன் நம் சொல்லே சான்றாகிறது. பொய்ச்சான்று சொல்லாதிருக்கக் கட்டளை பெற்ற நாம், அக்கையெழுத்தை இடும்போது என்ன எழுதுகிறோம் என்பதை உணரவேண்டும்.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் உவமை கூறினார். நம் கணக்கில் கம்பியும் சிமெண்டும் இருக்கின்றன. பொறியாளருக்கான கட்டணத்தையும் அனுமதிக்கான கட்டணத்தையும் சேர்த்துக்கொள்வோம். நாளை அந்த மாடியில் பேரப் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். அவர்கள் காலடியில் தளம் உறுதியாக இருக்கட்டும். ஓரத்தில் கைப்பிடிச் சுவரும் இருக்கட்டும்.